ஐம்பது ஆண்டு உழைத்த தேக்கு மேசை எட்டே மாதத்தில் ஏன் பிளந்தது?

1. பொங்கோல்வாசி

அன்பர்களுக்கு வணக்கம். மரவேலை அறிந்தவர்கள் சிலர் இங்கே இருப்பதால் என் குழப்பத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா துறைமுகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர். 1967ஆம் ஆண்டு சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்த கையோடு, காலாங் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு சீனத் தச்சரிடம் சொல்லித் தேக்கு மரத்தில் ஓர் எழுதுமேசை செய்து வாங்கினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும்தான். அந்த மலாயிலேயே மேசையின் உயரத்தைப் பற்றி ஒரு மாலை முழுவதும் இருவரும் வாதிட்டதாக அப்பா சொல்வார். இரண்டு மாதச் சம்பளம் மேசைக்கே போய்விட்டது என்று பாட்டி கடைசிவரை குறைபட்டுக்கொண்டிருந்தார். நீளம் 130 சென்டிமீட்டர், அகலம் 70. வலப்பக்கம் மூன்று இழுப்பறைகள், நடுவில் ஒன்று. பூவேலை, கொடிவேலை எதுவும் கிடையாது.

சன்னல்கள் எந்நேரமும் திறந்திருந்த அந்த வீட்டில், சில நாள் சாரல்கூடத் தெறித்த இடத்தில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு விரிசலும் இல்லாமல் அது நின்றது. சில ஆண்டுகளுக்கு முன்பு மேற்பலகை இலேசாக ஆடத் தொடங்கியபோது பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் பலகையைக் கழற்றி, அடியில் ‘ட’ வடிவ இரும்புத் தகடுகளை வைத்துத் திருகாணிகளால் இறுக்கி, மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்துக் கொடுத்தார். ஆட்டம் நின்றது; நாங்களும் மகிழ்ந்தோம்.

சென்ற ஆண்டு பொங்கோலில் பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவின்பேரில் கட்டித்தரும் வீவக வீடு) குடிவந்தபோது மேசையைப் படிப்பறையில் போட்டோம். மனைவி வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்வதால் அந்த அறையில் குளிர்சாதனம் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும். எட்டாவது மாதம், ஒரு நள்ளிரவில், பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் மேற்பலகையின் இடக்கோடியிலிருந்து உள்நோக்கி ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பிளவு. அகலமான இடத்தில் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்.

மரத்துக்கு வயதாகிவிட்டதா? மேற்பலகையை மாற்றிவிடுவதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பழுதுபார்த்தவர் “இவை கழிவு” என்று ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்த எட்டுச் சிறு மரக்கட்டைகளை அப்பா எறியாமல் வைத்திருக்கிறார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியவை. ஒவ்வொன்றின் ஒரு முனையும் நாக்குப்போல நீண்டிருக்கிறது, நடுவில் ஒரு துளை. மேசையின் சுற்றுச்சட்டத்தின் உட்பக்கத்தில், மேற்பலகைக்குச் சற்றுக் கீழே, ஒரு காடி (நீண்ட பள்ளம்) வெட்டப்பட்டிருக்கிறது. அதில் இப்போது எதுவும் பொருந்தியிருக்கவில்லை. அது எதற்கு என்று யாருக்காவது தெரியுமா?

2. கணக்கன்

மரச்சாமான்களுக்கும் ஆயுள் உண்டு, நண்பரே. பிளவில் எப்பாக்சிப் பசை ஊற்றி மேலே ஒரு கண்ணாடியைப் போட்டுவிட்டால் இன்னும் பத்து ஆண்டு ஓடும். மேசையின் மேல் உங்களுக்கிருக்கும் பற்றுக்குக் காரணம் தாத்தாவே தவிரத் தச்சர் இல்லை என்பது என் எண்ணம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

3. உளிச்சத்தம்

தம்பி பொங்கோல்வாசி, முதலில் கணக்கன் சொன்னதைச் செய்துவிடாதீர்கள். சுங்கை காடுட்டில் மரச்சாமான் தொழிற்சாலைகளில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவைப் படித்ததும் பிளவைவிட அந்தப் பையைப் பற்றித்தான் எனக்கு ஆவல் பிறந்தது.

வெட்டிக் காயவைத்த மரம் செத்துப்போன பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் ஈரம் கூடினால் அது உப்பும், குறைந்தால் சுருங்கும். நூறு ஆண்டு ஆனாலும் இந்தப் பழக்கம் அதை விடாது. ஆனால் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் அசைவதில்லை. நார் ஓடும் நீளவாட்டில் அசைவு இல்லை என்றே சொல்லலாம், அசைவெல்லாம் குறுக்குவாட்டில்தான். ஆகவே உங்கள் மேசையின் 130 சென்டிமீட்டர் நீளம் என்றைக்கும் 130தான். 70 சென்டிமீட்டர் அகலம் மட்டும் மழைக்காலத்தில் கூடும், வறண்ட நாளில் குறையும். கால்களும் சட்டமும் இருக்கிற அளவிலேயே நிற்க, அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் பலகை மட்டும் மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கும். இரண்டையும் ஆணியடித்தோ பசை தடவியோ ஒன்றாக்கினால் ஒன்று தோற்க வேண்டும். தோற்பது எப்போதும் பலகைதான்.

அந்தத் தச்சர் இதற்கு வழி செய்திருக்கிறார். உங்கள் கையில் இருக்கும் எட்டுக் கட்டைகளையும் துளை வழியாக மேற்பலகையின் அடியில் திருகாணியால் பொருத்தியிருப்பார். நாக்குப் போன்ற முனை சட்டத்தின் காடிக்குள் நுழைந்து நிற்கும். நாக்கு பலகையை மேலே எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஆனால் பக்கவாட்டில் போகவிடும். நீளவாட்டுச் சட்டத்தில் நாக்கை முழுவதும் உள்ளே தள்ளாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டிருப்பார். குறுக்குச் சட்டத்தில் நாக்கு காடி நெடுக வழுக்கிப் போகும். நான் சொல்வது சரிதானா என்று பார்க்க வேண்டுமானால் கட்டைகளை விளக்கின் கீழ்ச் சாய்த்துப் பிடியுங்கள். உராய்ந்து மினுக்கும் இடம் தெரியும். எட்டிலும் ஒரே இடத்தில் இருக்காது.

மேற்பலகை ஆடியதற்குக் காரணம் நாலைந்து திருகாணிகள் தளர்ந்ததாகத்தான் இருக்கும். கால் மணி நேர வேலை. அதை விட்டுவிட்டு இரும்பால் இறுக்கியிருக்கிறார்கள். திறந்த வீட்டில் இருந்தவரை அந்தத் தவறு தெரியவில்லை. குளிர்சாதன அறைக்கு வந்ததும் பலகை சுருங்க முயன்றது, இரும்பு விடவில்லை. நள்ளிரவில் நீங்கள் கேட்ட சத்தம் அதுதான்.

4. பொங்கோல்வாசி

ஐயா, அப்பாவும் நானும் கட்டைகளை மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தோம். நான்கு கட்டைகளில் நாக்கின் நுனியில் மட்டும் குறுகிய மினுக்கம். மற்ற நான்கில் நாக்கின் அகலம் முழுவதும் தேய்ந்திருக்கிறது. அப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இத்தனை நாளும் இந்த மேசை அசையாமல் நிற்கிறது என்றுதான் நினைத்தேன்” என்றார்.

ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றும் வாங்கினேன். சன்னல் திறந்த கூடத்தில் காலையில் 84 விழுக்காடு காட்டியது. அதே நாள், குளிர்சாதனம் நான்கு மணி நேரம் ஓடிய படிப்பறையில் 55. ஒரே வீட்டில் இரண்டு ஊர் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

5. கணக்கன்

நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். எண்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 விழுக்காடும், வளையத்தைக் குறுக்கே வெட்டும் திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுருங்கும் என்று மரவியல் கையேடுகள் தருகின்றன. ஈரப்பதம் 80ஐ ஒட்டியுள்ள காற்றில் மரத்துக்குள் தங்கும் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காடு. 55இல் அது 10க்கு இறங்கும். ஆறு விழுக்காடு ஈரம் போகிறது. மரம் சுருங்கத் தொடங்குவதே சுமார் 28க்குக் கீழே என்பதால், முழுச் சுருக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக இங்கே நிகழ வேண்டும். 70 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது, பலகை அறுக்கப்பட்ட விதத்தைப் பொறுத்து, நான்கு முதல் ஒன்பது மில்லிமீட்டர் வரை வருகிறது. இரவில் குளிர்சாதனம் நிற்பதாலும் வார்னிஷ் ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துவதாலும் உண்மையில் சற்றுக் குறையலாம். எப்படிப் பார்த்தாலும் மூன்று மில்லிமீட்டர் பிளவு வியப்புக்குரியது இல்லை.

ஆனால் என் ஐயம் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இது ஓர் இயற்பியல் செய்தி. இதை அறிந்த எந்தத் தொழிற்சாலையும் ‘8’ வடிவத் தகடு ஒன்றைப் பொருத்தி, பலகை அசைவதற்கு இடம் கொடுக்க முடியும். அத்தகைய தகடுகள் கடைகளில் சில காசுக்குக் கிடைக்கின்றன. அப்படியிருக்க இதைக் ‘கைவினை’ என்று ஏன் போற்ற வேண்டும்? சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் இதே அளவு மேசைக்கு 4,200 சிங்கப்பூர் வெள்ளி கேட்டார்கள். அந்தப் பணம் அறிவுக்கா, கைக்கா, அல்லது ‘கையால் செய்தது’ என்ற சொல்லுக்கா?

6. அந்திமந்தாரை

நல்ல கேள்வி. மூன்றாவதற்கும் நிறையப் பேர் பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு வெளியூர் உறவினர்களை அடிக்கடி அழைத்துச் செல்பவள் நான். அங்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு நிலைவாசல் ஒன்று இருக்கிறது. அதன் நுண்ணிய செதுக்கு வேலையைப் பார்த்து வாய்பிளக்காதவர் இல்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். என் அண்ணன் மகன் மட்டும், அப்போது ஏழு வயது, “இதை எப்படி உள்ளே கொண்டுவந்தார்கள்?” என்று கேட்டான். பொருளைத் தூக்கிப் பார்க்க நினைக்கும் அந்தப் புத்திதான் தச்சனைப் புரிந்துகொள்ளும் புத்தி என்று எனக்குத் தோன்றியது. செதுக்குச் சிற்பியின் திறமை கண்ணில் படும். தச்சனின் திறமையோ ஒன்றும் நேராமல் இருப்பதில் அடங்கியிருக்கிறது. பிளக்காத பலகையையும் கோணாத கதவையும் பார்த்து யாரும் வியப்பதில்லை.

நம் வீட்டுப் பழைய கதவுகளையே எண்ணிப் பாருங்கள். நான்கு பக்கமும் சட்டம், நடுவே பலகை. அந்தப் பலகை சட்டத்தின் காடிக்குள் பசையில்லாமல் சும்மா நிற்கும். சட்டம் கதவின் அளவைக் காக்க, பலகை அதற்குள் விரும்பியபடி விரிந்து சுருங்கும். பொங்கோல்வாசியின் மேசைக் கட்டைகளும் இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம்தான். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் நகரத்தார் தரையில் அமர்ந்து முன்னால் வைத்துக் கணக்கெழுதிய தாழ்வான மேசைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

ஜார்ஜ் நாகஷிமாவையும் இங்கே நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் 1905இல் பிறந்த இந்த ஜப்பானிய வம்சாவளிக் கட்டடக்கலைஞர், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கோண்ட் விடுதி எழும்பியபோது அதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அங்கே தேக்கில் அவர் வடிவமைத்த எளிய தட்டுமுட்டுச் சாமான்கள்தாம் பிற்காலத்தில் மரச்சாமான்களால் புகழ்பெற்ற அவரது தொடக்ககால முயற்சிகள். ஆசிரமத்தில் அவருக்குச் சூட்டப்பட்ட பெயர் சுந்தரானந்தா. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அவரை முகாமில் அடைத்தது. அங்கே உடனிருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம்தான் மரபான மூட்டு முறைகளைக் கற்றார். பிற்காலத்தில் அவர் பலகையின் பிளவை மறைக்கவில்லை. பிளவுக்குக் குறுக்கே உடுக்கை வடிவத் துண்டு ஒன்றைப் பதித்து, அது மேலும் விரியாமல் பிடித்து, அந்த உடுக்கையை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே விட்டுவிட்டார். பொங்கோல்வாசி இதைப் பற்றி எண்ணிப் பார்க்கலாம்.

7. உளிச்சத்தம்

உடுக்கைத் துண்டு நல்ல யோசனைதான், சகோதரி. ஆனால் பிளவு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் முடிவு செய்ய வேண்டாம். அதைப் பிறகு சொல்கிறேன். கணக்கனுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

இயந்திரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பலகையைச் சமமாக்குவதிலும் நூறு கால்களை ஒரே அளவில் அறுப்பதிலும் இயந்திரம் என்னைவிட மேல். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் உளி, இழைப்புளி எல்லாம் விரைவில் மழுங்கும். நாளின் பாதி தீட்டுவதிலேயே போன காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பம் இல்லை. கையால் செய்தது என்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்துவிடாது. ஆணியடித்து, இடைவெளியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்த கட்டில்களும் கையால் செய்தவைதாம்.

கை எங்கே வேண்டும் என்றால், ஒவ்வொரு மரத்துண்டும் வேறு வேறாக இருக்கும் இடத்தில். எங்கள் தலைமைத் தச்சர் ஷாங்காயில் தொழில் கற்றவர். பலகைகளை அடுக்கிவிட்டு ஒரு தேநீர் குடித்து முடிக்கும்வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். நார் நேராக ஓடும் துண்டு நாற்காலியின் பின்காலுக்குப் போகும். சாய்ந்து உட்காருபவரின் பாரம் முழுவதும் அந்தக் காலும் இருக்கைச் சட்டமும் சேரும் மூட்டில்தான் இறங்குகிறது. அந்த இடத்தில் நார் குறுக்கே ஓடினால், எத்தனை அழகான நாற்காலியும் ஒரு நாள் மடியும். ரேகை அழகாகவும் நார் தாறுமாறாகவும் இருக்கும் துண்டை, பாரம் தாங்காத இடத்துக்கு, இழுப்பறையின் முகப்புக்கு ஒதுக்குவார். தொழிற்சாலை வரிசையில் இந்தத் தேநீர் நேரம் இல்லை. அதனால்தான் அங்கே எந்தத் துண்டு வந்தாலும் தாங்கும்படி வடிவமைக்க வேண்டியிருக்கிறது, அல்லது மரமே இல்லாத பலகைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இழுப்பறை இன்னும் நல்ல உதாரணம். அதன் பக்கப்பலகையின் உயரம் ஈரத்தைப் பொறுத்து மாறும். கடைசி இழைப்புக்கு முன்பு அவர் எங்களிடம், “இது எந்த மாதம்?” என்று கேட்பார். முதல் ஆண்டில் அவருக்கு நினைவு பிசகிவிட்டதோ என்று நாங்கள் சிரித்தோம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பரில் இழுப்பறை சற்று இறுக்கமாக இருக்கும்படி விட்டுவிடுவார். மழைநாளில் தாராளமாக ஓடும்படி இழைத்தால் வறண்ட மாதத்தில் அது லொடலொடக்கும். பிப்ரவரியில் செய்தால் ஒரு தாள் கனம் இடைவெளி விடுவார். இந்த அறிவை எழுதி வைக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாள் கனம் இந்தத் துண்டுக்குப் போதுமா, இன்னும் ஓர் இழைப்பு வேண்டுமா என்பதை இழைப்புச் சுருளைப் பார்த்தும் விரலால் தடவியும்தான் முடிவு செய்தோம்.

உங்கள் 4,200 வெள்ளியில் அந்தப் பட்டறைக்காரர் தேநீர் குடித்தாரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

8. ஈசூன்காரி

எல்லோருக்கும் வணக்கம். அதைப் பார்ப்பது எப்படி என்றுதான் நானும் கேட்க வந்தேன். சென்ற ஆண்டு கடையொன்றில் ‘கையால் செய்த முழுத் தேக்கு’ என்று சொல்லி எனக்கு ஒரு பக்கமேசையை விற்றார்கள். ஆறு மாதத்தில் பூச்சாடித் தண்ணீர் பட்ட ஓரத்தில் மேல்தோல் உரிந்து, உள்ளே ஊறிய ரொட்டிபோல் மரத்தூள் பலகை வெளியே வந்தது. கடைக்காரர் என்னைத்தான் குறை சொன்னார். பிறகு பெருமாள் கோயிலுக்குப் போன அன்று, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பழைய தேக்குச் சாமான் கிடைக்குமா என்று விசாரித்தேன். ‘தேக்கா’ என்ற பெயருக்கும் தேக்குக்கும் தொடர்பில்லை, அது சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள்படும் ஹொக்கியன் பெயர் என்று ஒரு பெரியவர் சொல்லிச் சிரித்தார். வெறுங்கையோடு திரும்பினேன். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

9. கணக்கன்

சகோதரி, ஏமாந்தவர் வரிசையில் நானும் நின்றிருக்கிறேன், ஆகவே இதற்கு நானே பதில் சொல்கிறேன். பலகையின் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள், கோடியைப் பாருங்கள். முழு மரமாக இருந்தால் மேலே நீளமாக ஓடும் ரேகை, குறுக்கு வெட்டு முகத்தில் வளையத்தின் வில்லாகத் தொடரும். மேலே ஒரு ரேகை, விளிம்பில் தொடர்பற்ற இன்னொரு ரேகை என்றால் அது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல். இழுப்பறையை முழுவதும் உருவி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்ட இடம் அது. மேசையைக் கவிழ்த்துப் பார்க்கக் கடைக்காரர் தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

இருந்தாலும் மரத்தோல் ஒட்டுவதே மோசடி என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நல்ல ஒட்டுப்பலகையின் மேல் ஒட்டிய தோல் குளிர்சாதன அறையில் முழு மரத்தைவிடக் குறைவாகவே அசையும். அதை முழு மரம் என்று சொல்லி விற்றதுதான் குற்றம். புறாவின் வால்போல் விரிந்த பற்களைக் கோத்துச் செய்யும் ‘புறாவால்’ மூட்டுகள் சற்று ஒழுங்கற்று இருந்தால் அது கைவேலை என்ற நம்பிக்கையும் உண்டு. ஒழுங்கின்மையை வேண்டுமென்றே உண்டாக்கவும் முடியும் என்பதால் அதை மட்டும் வைத்து நான் காசு கொடுக்கமாட்டேன்.

உளிச்சத்தம் ஐயா சொன்ன கை, இயந்திரப் பங்கீட்டுக்கு எனக்கு ஓர் உதாரணம் கிடைத்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்து 1950 முதல் இன்றுவரை உற்பத்தியில் இருக்கும் ‘ஒய்’ முதுகு நாற்காலியில், மரப்பாகங்களைப் பெரும்பாலும் இயந்திரம் வெட்டித் தருகிறது. இருக்கையை மட்டும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றைக் கொண்டு கையால் பின்னுகிறார்கள். கைதேர்ந்தவருக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகுமாம். கயிற்றின் இழுவையை ஒவ்வொரு சுற்றிலும் விரல்தான் உணர வேண்டியிருக்கிறது. ‘கையா, இயந்திரமா’ என்று நான் கேட்டது சரியான கேள்வி இல்லை போலும். 4,200 மட்டும் இன்னும் உறுத்துகிறது.

10. உளிச்சத்தம்

உறுத்தட்டும், எனக்கும் உறுத்தும்.

தம்பி பொங்கோல்வாசி, இனி உங்கள் மேசைக்கு வருவோம். முதல் வேலை அந்த இரும்புத் தகடுகளைக் கழற்றுவது. கழற்றிவிட்டு இரண்டு வாரம் மேசையை அப்படியே விடுங்கள். பிளவு தானாக ஓரளவு மூடிக்கொள்ளும். அதற்கு முன்பு எதையும் ஊற்றி அடைக்கக் கூடாது. வறண்ட நிலையில் விரிந்த பிளவைக் கெட்டியான பொருளால் அடைத்தால், ஈரம் ஏறிப் பலகை விரியும்போது அந்த அடைப்பே ஆப்பாக மாறி வேறோர் இடத்தைப் பிளக்கும்.

பிறகு பிளவின் உள்முகத்தைக் கவனியுங்கள். 70 சென்டிமீட்டர் அகலத்தில் ஒற்றைப் பலகை கிடைப்பது அரிது. நான்கைந்து பலகைகளை விளிம்போடு விளிம்பு ஒட்டித்தான் செய்திருப்பார். பிளவு வளைந்து வளைந்து நாரோடு போனால் மரமே பிளந்திருக்கிறது. சகோதரி சொன்ன உடுக்கைத் துண்டு அப்போது பொருந்தும். அடிப்பக்கத்தில் பதித்தால் போதும், துண்டின் நார் பிளவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். பிளவு கோடு கிழித்ததுபோல் நேராக இருந்தால் திறந்துகொண்டது பழைய ஒட்டு. அது உங்கள் நற்பேறு. அந்தக் காலத்தில் வச்சிரம் காய்ச்சி ஒட்டியிருக்கலாம். தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கும் அந்தப் பசை வெந்நீர் பட்டால் மீண்டும் பிசுபிசுக்கும். மூட்டைச் சேதமில்லாமல் கழற்றி மறுபடி ஒட்டலாம் என்பதுதான் அதன் பெருமை. இன்றைய எப்பாக்சிக்கு அந்தப் பணிவு கிடையாது. உடைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. புதிதாக ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் தடித்த வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூச விரும்பினால் ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அது காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து எறியுங்கள். பட்டறையில் ஒரு முறை கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கட்டைகள் எட்டும் நல்ல நிலையில் இருக்கின்றனவா?

11. பொங்கோல்வாசி

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

தகடுகளைக் கழற்றிய பத்தாம் நாள் பிளவு ஒன்றரை மில்லிமீட்டராகக் குறைந்தது. பிளவு நேர்கோடாகவே ஓடியது. உள்முகத்தில் வெந்நீரில் நனைத்த பஞ்சை வைத்து ஒற்றியதும் விரலில் பசை ஒட்டியது. காலாங் தச்சர் வச்சிரத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். பட்டறை நடத்தும் இளம்பெண் ஒருவர் அந்த ஒட்டைத் திறந்து, மீண்டும் வச்சிரம் காய்ச்சியே ஒட்டிக் கொடுத்தார். எப்பாக்சி போடட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை.

எட்டுக் கட்டைகளில் ஒன்றின் நாக்கு உடைந்திருந்தது. உளிச்சத்தம் ஐயா நியாத்தோ மரத்துண்டு ஒன்றில் புதிதாகச் செய்து, தாமே வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். ஏழு பழுப்பு, ஒன்று சிவப்பு. மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். மகள் படுத்துப் பார்த்துவிட்டு வந்து எண்ணிக்கை சரி என்றாள்.

கணக்கன் ஐயாவுக்காக அளவும் எடுத்திருக்கிறேன். டிசம்பரில் நாங்கள் ஊருக்குப் போயிருந்தபோது அறை பூட்டி, குளிர்சாதனம் இல்லாமல் மூன்று வாரம் கிடந்தது. திரும்பி வந்த அன்று மேற்பலகையின் அகலம் 702 மில்லிமீட்டர். மனைவி வேலையைத் தொடங்கி ஐந்து வாரம் ஆன பிறகு 698. நான்கு மில்லிமீட்டர் போய்விட்டது, எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நடு இழுப்பறை மட்டும் ஊரிலிருந்து வந்த அன்று இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் இழைத்துவிடலாமா என்று உளிச்சத்தம் ஐயாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். அவர், “தம்பி, இது எந்த மாதம்?” என்றார்.